சறுக்கு மறந்துவிட்டதா?

சைக்கிள் ஓட்டப் பழகிய ஒருவர் ஐந்தாறு ஆண்டுகள் சைக்கிளைத் தொடாமல் இருந்தாலும், மறுபடி ஏறி மிதித்தால் ஓட்டிவிடுவார். முதலில் கொஞ்ச தூரம் ஹாண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆடும், பிறகு நேராகிவிடும். நீச்சலும் அப்படித்தான். "ஒருமுறை பழகிவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது" என்று பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆனால், பனிமலை நாடுகளில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆஸ்திரியாவில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில், ஆர்ல்பெர்க் என்றொரு பகுதி இருக்கிறது. பனிச்சறுக்குக்குப் பேர்போன இடம். சென்ற ஏப்ரலில் அங்கே சிரித்துக்கொண்டே வளைந்து வளைந்து இறங்கிய ஐந்து வயதுக் குழந்தை, டிசம்பரில் அதே சரிவின் உச்சியில் நின்றுகொண்டு அழுகிறது. கால்கள் விறைக்கின்றன. இரண்டடி சறுக்கியதும் தொப்பென்று விழுகிறது. "போன வருஷம் கற்றதெல்லாம் மறந்துபோய்விட்டதே!" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள்.

உண்மையிலேயே மறந்துவிட்டதா? இதற்கு விடை காண்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. மறந்துவிட்டது என்று எண்ணினால் ஒரு விதமாக உதவுவோம். மறக்கவில்லை என்று தெரிந்தால் வேறு விதமாக உதவுவோம். உதவி தவறிப்போனால் அந்தக் குழந்தை விழுந்து காலை முறித்துக்கொள்ளக்கூடும். அல்லது பயம் பிடித்துக்கொண்டு இனிப் பனிச்சறுக்கே வேண்டாம் என்று விட்டுவிடக்கூடும். ஆகவே, விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பனிச்சறுக்கு என்றால் என்ன?

நீண்டு குறுகிய இரண்டு பலகைகளை, கெட்டியான பூட்ஸுகளோடு பிணைத்துக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கிச் செல்வதே பனிச்சறுக்கு. இது மிகப் பழைய கலை. நார்வே நாட்டில் டிகர்வார்டன் மலையில் பனிக்கட்டிக்குள் புதைந்திருந்த ஒரு மரப் பலகை 2014-ம் ஆண்டிலும், அதன் ஜோடி 2021-ம் ஆண்டிலும் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள்! அந்நாளில் வேட்டைக்கும் பயணத்துக்கும் உதவியது, இன்று விளையாட்டாகிவிட்டது. நம் நாட்டிலும் காஷ்மீரில் குல்மார்க்கிலும், உத்தரகண்டில் ஆலியிலும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடைபெறுகிறது.

சிறு குழந்தைகள் முதலில் கற்பது நிற்கும் வித்தைதான். இரு பலகைகளின் முன் நுனிகளை நெருக்கி, பின் நுனிகளை அகற்றி வைத்தால், மேலிருந்து பார்க்க ஆங்கில எழுத்து 'வி'யைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். பலகைகளின் உள்விளிம்புகள் பனியை அழுத்திச் சுரண்டும், வேகம் குறையும். பின் நுனிகளை எவ்வளவு அகற்றுகிறோமோ அவ்வளவு தடை. கலப்பை மண்ணைத் தள்ளுவதுபோல் பனியைத் தள்ளுவதால் இதற்குக் 'கலப்பை' என்றே ஜெர்மன் மொழியில் பெயர். குழந்தைகளிடம் மட்டும் ஆசிரியர்கள் இதைப் 'பீட்சாத் துண்டு' என்பார்கள். பலகைகளை இணையாக வைத்து வேகமாகச் செல்வதற்கு 'உருளைக்கிழங்கு வறுவல்' என்று பெயர்!

ஆல்ப்ஸ் மலையில் பெரும்பாலான சரிவுகளில் ஏப்ரலோடு சறுக்குப் பருவம் முடிந்துவிடும். மீண்டும் டிசம்பரில்தான் தொடக்கம். இடையில் ஏழெட்டு மாதங்கள். நமக்கு எட்டு மாதம் பெரிதல்ல. ஐந்து வயதுக் குழந்தைக்கோ மொத்த ஆயுளே 60 மாதங்கள்தாம். அதில் எட்டு மாதம் என்பது எட்டில் ஒரு பங்குக்கும் மேல்!

இரண்டு வகை நினைவு

நினைவு என்று நாம் ஒரே சொல்லால் சொன்னாலும், மூளையில் அது பல வகைப்பட்டது. "நேற்று என்ன சாப்பிட்டாய்?", "பிரான்சின் தலைநகர் எது?" என்றால் விடையை வாயால் சொல்லிவிடலாம். இது சொல்லக்கூடிய நினைவு. ஆனால், "சைக்கிளில் விழாமல் இருக்க என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் திகைத்துப்போவீர்கள். செய்யத் தெரிகிறது; சொல்லத் தெரியவில்லை. இது செயல் நினைவு.

இவை இரண்டும் வேறு வேறு என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-ம் ஆண்டில், அவருடைய 27-ம் வயதில், மூளையில் அறுவைச் சிகிச்சை செய்து ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றியுள்ள சில பகுதிகளையும் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது; ஆனால், புதிதாக எதையும் நினைவில் வைக்கும் ஆற்றல் போய்விட்டது.

கனடாவைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி அவரிடம் ஒரு சோதனை நடத்தினார். தாளில் இரட்டைக் கோட்டால் ஒரு நட்சத்திரம். அந்தக் கோடுகளுக்கு இடையே பென்சிலால் வரைந்து செல்ல வேண்டும். ஆனால் கையை நேராகப் பார்க்கக்கூடாது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும், "இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை" என்ற நிலையில்தான் மொலேசன் இருந்தார். கையோ, நாளுக்கு நாள் தவறு குறைந்து அழகாக வரைந்தது! மனிதருக்கு நினைவில்லை, கைக்குப் பழக்கம் இருக்கிறது. 1962-ல் வெளியான இந்த ஆய்வு, செயல் நினைவுக்குத் தனி இடம் உண்டு என்பதைக் காட்டிற்று. சிறுமூளை, பெருமூளையின் உள்ளே இருக்கும் சில நரம்பு முடிச்சுகள் முதலியவை இந்த வேலையில் பெரும்பங்கு கொள்கின்றன.

ஆகவே, "போன வருஷம் எப்படித் திரும்பினாய்?" என்று கேட்டால் குழந்தை விழிப்பதைக் கொண்டு, கலை போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. கேள்வி தவறான அலமாரியைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்தபின் மறுபடி கற்று, அதற்கான நேரத்தை அளந்தார். அடியோடு மறந்ததுபோல் தோன்றியதைக்கூட இரண்டாம் முறை கற்க முன்னைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. 1885-ல் அவர் இதை நூலாக வெளியிட்டார். சொற்களுக்கே இப்படி என்றால், உடற்பழக்கத்துக்குக் கேட்பானேன்! அது இன்னும் உறுதியாக நிற்கும்.

அப்படியானால் ஏன் விழுகிறது?

நல்ல கேள்வி. நீர் நிரம்பிய குடம் என்று எண்ணி ஒரு குடத்தைத் தூக்குகிறீர்கள். அது காலியாக இருக்கிறது. என்ன ஆகும்? குடம் விசுக்கென்று மேலே வந்துவிடும். நீங்கள் ஒரு கணம் தடுமாறுவீர்கள். உங்களுக்குத் தூக்கத் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. மூளை முன்கூட்டியே போட்ட கணக்கு தப்பிவிட்டது. அடுத்த முறை அதே குடத்தைத் தூக்கும்போது கணக்கு சரியாகிவிடும்.

பனியின்மேல் நிற்கும் குழந்தைக்கும் இதுதான் நேர்கிறது. பழக்கம் மூளையில் இருக்கிறது. ஆனால், அது ஏப்ரல் மாத உடலுக்கான கணக்கு. டிசம்பரில் உடலே வேறு!

நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 6 செ.மீ. உயரம் வளர்கிறது, 2 முதல் 3 கிலோ வரை எடை கூடுகிறது. எட்டு மாதத்தில் 4 செ.மீ. வளர்ந்த குழந்தையின் கால் நீண்டிருக்கும். ஈர்ப்பு மையம் உயர்ந்திருக்கும். பழைய பூட்ஸ் போதாது, புதியது வேண்டும். பலகையும் நீளமானதாகிவிடும்.

பலகை நீண்டால் என்ன என்று கேட்கிறீர்களா? சென்ற ஆண்டுப் பலகை 90 செ.மீ., இந்த ஆண்டு 100 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலமும் கனமும் ஒன்றே. நடுவில் ஊன்றி அதைத் திருப்புவதற்கு எதிராக இருக்கும் தடை, அதாவது நிலைமத் திருப்புத்திறன், நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 90-க்கும் 100-க்கும் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தடை ஏறத்தாழ 37 சதவீதம் கூடியிருக்கும்! நீளம் கூடியதோ 11 சதவீதம்தான். பழைய அளவு விசையைக் கொடுத்தால் புதிய பலகை பழையபடி திரும்புமா? குழந்தைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. "கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்று மட்டும் தெரியும்.

ஆகவே, மறதியைவிடப் பெரிய காரணம் வளர்ச்சியே. பழக்கம் அழியவில்லை, அளவு மாறிவிட்டது. தராசு இருக்கிறது, முள்ளைத்தான் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

உண்மையாகவே மறப்பது எது?

சில சங்கதிகள் மறந்தும் போகின்றன. இடைவிடாமல் ஓடும் பழக்கங்கள் (சமநிலை காத்தல், வளைந்து செல்லல் போன்றவை) நெடுநாள் நிற்கும். 'முதலில் இது, பிறகு அது' என்று வரிசையாகச் செய்ய வேண்டியவை விரைவில் கலைந்துவிடும். பூட்ஸின் கொக்கிகளை மாட்டுவது, பூட்ஸின் முன்பகுதியை முதலில் நுழைத்துப் பிறகு குதிகாலை அழுத்திப் பலகையில் பூட்டுவது, விழுந்தால் எழுவது ஆகியவை இந்த வகை.

எழுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகைகள் சரிவை நோக்கி இருக்கும்போது எழ முயன்றால், எழுந்த கணமே வழுக்கிக்கொண்டு போகும். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, உடலுக்குக் கீழ்ப்புறம் கொண்டுவந்து, பிறகே எழ வேண்டும். இந்த வரிசை மறந்த குழந்தை பத்து முறை எழுந்து பத்து முறையும் விழும். அதைப் பார்க்கிறவர்கள், சறுக்கே மறந்துவிட்டது என்பார்கள்!

அச்சம் செய்யும் வேலை

இரண்டு முறை விழுந்த குழந்தைக்குப் பயம் வருகிறது. பயந்தவர் பள்ளத்தைப் பார்த்தால் என்ன செய்வார்? பின்பக்கமாகச் சாய்வார். இது இயல்பு. ஆனால், பனிச்சறுக்கில் இதுவே ஆபத்து. பின்னால் சாய்ந்தால் எடை முழுதும் பலகைகளின் வாலுக்குப் போய்விடும். முன்பகுதி பனியைப் பற்றாது. கலப்பை வேலை செய்யாது, திரும்பவும் முடியாது. வேகம் கூடும். வேகம் கூடப் பயம் கூடும். பயம் கூடக் கூடப் பின்னால் சாய்வதும் கூடும். சரியான நிலை எது? முழங்கால்கள் சற்று மடங்கி, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு பூட்ஸின் முன்பகுதியை அழுத்த வேண்டும்.

"பயப்படாதே, முன்னால் சாய்!" என்று கத்துவதால் பயன் இல்லை. பயத்துக்குக் காரணமான வேகத்தைக் குறைத்தாலன்றி உடல் முன்னால் வராது. வேகத்தைக் குறைக்கும் வழி, சரிவைக் குறைப்பது.

சரிவின் கணக்கு

பனிக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் சுமார் 0.05 என்று கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். 6 பாகைச் சரிவில், நின்ற நிலையிலிருந்து 20 மீட்டர் தூரம் நேராக வழுக்கினால், வேகம் மணிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. ஆகும். நிதானமாகச் செல்லும் சைக்கிளின் வேகம். அதே 20 மீட்டரை 15 பாகைச் சரிவில் வழுக்கினால் மணிக்கு 33 கி.மீ.! வேகம் இரண்டு மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? ஆகவே, விழும்போது தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

சென்ற பருவத்தின் கடைசி நாளில் 15 பாகைச் சரிவில் இறங்கிய குழந்தை, இந்தப் பருவத்தின் முதல் நாளில் 6 பாகைச் சரிவில் தொடங்கினால் அது பின்னடைவு அன்று. தவறு செய்தாலும் அடிபடாத இடத்தில், மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கிறோம். முள்ளைச் சரிசெய்யும் வேலையே தவறுகளின் மூலம்தான் நடக்கிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டே சிறுமூளை திருத்தம் செய்கிறது. ஆகவே, தவறுகள் வேண்டும். அவை சிறியனவாக இருக்க வேண்டும்.

ஆர்ல்பெர்க் பகுதியைச் சேர்ந்த ஹானஸ் ஷ்னைடர் (1890–1955) என்ற ஆசிரியர், சாங்க்ட் அன்டோன் என்ற ஊரில் 1907 முதல் பனிச்சறுக்குக் கற்பித்தவர். கலப்பையில் தொடங்கி, ஒரு படி கைவந்தபின்னரே அடுத்த படி என்று அவர் வகுத்த முறை உலகெங்கும் பரவிற்று. பருவத் தொடக்கத்தில் செய்ய வேண்டியதும் அதே படிகளில் மறுபடி ஏறுவதுதான். ஆனால், இம்முறை ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை.

முதல் நாளில் என்ன செய்யலாம்?

மலைக்குப் போவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. புதிய பூட்ஸை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கொஞ்சம் நடக்கச் சொல்லலாம். கொக்கி மாட்டவும் கழற்றவும் பழக்கலாம்.

பிறகு, பாதுகாப்புப் பூட்டு. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, பலமாக விழும்போது தானே விடுபட்டுக் காலைக் காக்கும். எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பது எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், திறமை ஆகியவற்றைப் பொறுத்தது. குழந்தை வளர்ந்தால் இந்த அளவும் மாறும். அண்ணனின் பலகையைத் தம்பிக்குக் கொடுத்து, பூட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டால், விழும்போது அது விடுபடாமல் போகலாம். பலகை முறுக்கும் விசையைக் காலெலும்பு தாங்க வேண்டிவரும். ஆகவே, ஒவ்வொரு பருவத்திலும் இதைத் தேர்ந்த பணியாளரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். தலைக்கவசமும் தலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பனிக்கு வந்ததும் ஓடிக் குதித்து உடலைச் சூடேற்ற வேண்டும். பிறகு சமதரையில் ஒற்றைப் பலகை மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காலால் உந்திச் செல்லும் விளையாட்டு. அடுத்து, இரு பலகைகளோடு நடை; வேண்டுமென்றே விழுந்து எழும் விளையாட்டு. அதன்பின் மிக மெல்லிய சரிவு. அது தானாகவே சமதரையில் முடிவது நல்லது. நிறுத்தத் தெரியாவிட்டாலும் வேகம் தானே குறைந்துவிடும். அங்கே கலப்பை, நின்று காட்டல், பிறகு இடமும் வலமும் திரும்பல். தான் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறது என்று குழந்தை தானே கண்டுகொண்டால் அச்சம் பாதி போய்விடும். மேலே உள்ள சரிவுக்குப் போகலாமா என்று அதுவே கேட்கும்.

களைப்பு வருமுன் நிறுத்திவிட வேண்டும். களைத்த கால் பிழை செய்யும். குளிர்ந்த கை எரிச்சலூட்டும். முதல் நாள் மகிழ்ச்சியோடு முடிந்தால், மறுநாள் குழந்தை பூட்ஸைத் தானே எடுத்து வரும்.

சொல் குறைக, விளையாட்டு மிகுக!

"முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு, கையை முன்னால் வை!" என்று அடுக்கடுக்காகச் சொன்னால் என்ன ஆகும்? செயல் நினைவு தானே செய்துகொண்டிருந்த வேலையில், சொல்லக்கூடிய நினைவு குறுக்கே புகுந்து குழப்பும். படி இறங்கும்போது ஒவ்வோர் அடியாக யோசித்து இறங்கிப் பாருங்கள், புரியும்.

காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் பனிச்சறுக்கைப் போன்ற அசைவைப் பழக்கும் ஓர் எந்திரத்தில் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தம் பாதத்தின்மேல் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த எந்திரச் சக்கரங்களின்மேல் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். 1998-ல் இந்த முடிவு வெளியாயிற்று. கவனம் உடலுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது நல்லது என்பது இதன் சாரம்.

நல்ல ஆசிரியர்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். "பின் நுனிகளை அகற்று" என்பதற்குப் பதில் "பெரிய பீட்சா!" என்கிறார்கள். "முன்னால் சாய்" என்பதற்குப் பதில், பனியில் கிடக்கும் கையுறையை ஓடியபடியே குனிந்து எடுக்கச் சொல்கிறார்கள். "பள்ளத்தைப் பார்க்காதே" என்பதற்குப் பதில், நட்டு வைத்த வண்ணக் குச்சிகளைச் சுற்றிவரச் செய்கிறார்கள். குழந்தை விளையாடுகிறது, சிறுமூளை கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த உண்மையைச் சோதித்துப் பார்க்கப் பனிமலை தேவையில்லை. மில்னர் செய்த சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

தேவையானவை: நிமிர்த்தி வைக்கத்தக்க முகம் பார்க்கும் கண்ணாடி, தாள்கள், பென்சில், ஒரு பெரிய அட்டை, கடிகாரம்.

தாளில் அரை செ.மீ. இடைவெளியுள்ள இரட்டைக் கோட்டால் ஒரு நட்சத்திரம் வரையுங்கள். அதேபோல் பதினைந்து படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். தாளுக்கு அப்பால் கண்ணாடியை நிமிர்த்துங்கள். கையையும் தாளையும் நேராகப் பார்க்க முடியாதபடி அட்டையைப் பிடிக்க ஒரு நண்பரை அமர்த்துங்கள். கண்ணாடியைப் பார்த்தே கோடுகளுக்கிடையில் சுற்றி வரையுங்கள். எடுத்த நேரத்தையும் கோட்டைத் தாண்டிய தடவைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்யுங்கள். முதல் முறை கை எங்கெங்கோ போகும். பத்தாவது முறை எவ்வளவோ திருந்தியிருக்கும்.

பிறகு மிச்சமுள்ள ஐந்து தாள்களையும் எடுத்து வைத்துவிட்டு, ஒரு மாதம் இதைத் தொடவே தொடாதீர்கள். மாதம் முடிந்ததும் ஐந்து முறை செய்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். புதிய முதல் முயற்சி, பழைய பத்தாவது முயற்சியைவிட மோசமா? பழைய முதல் முயற்சியைவிட மேலானதா? பழைய நிலையை எட்ட எத்தனை முயற்சி பிடித்தது?

இந்த மூன்றாவது எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் விட்டிருந்த ஒரு பழக்கத்தில் உங்கள் தம்பியோ தங்கையோ தடுமாறும்போது, "மறந்துவிட்டாயா?" என்று கேட்பதற்கு முன் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முயற்சிக்கு இடம் கொடுங்கள். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.